குழந்தை பேசட்டும், நாம் கேட்போம்



தொடக்கப்பள்ளி ஒன்றின் அருகே நடந்து செல்வோர் காதில் முதலில் விழுவது எது? நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பிக்கும் ஓசையன்றோ! கேட்பதற்கு அது இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் அந்த ஓசைக்கு நடுவே வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் குழந்தையை யார் அறிவார்? தான் தனியே ஒரு பத்தியை வாசிக்க, ஒருவர் அருகமர்ந்து அதைப் பொறுமையோடு கேட்டார் என்னும் அனுபவமே இன்றி ஐந்தாம் வகுப்பைக் கடந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அத்தகைய பிள்ளையின் குரலை வெளிக்கொணர உதவும் எளிய கருவி ஒன்றைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். பாட்காஸ்ட் என்று உலகம் அழைக்கும் அதனைத் தமிழில் வலையொலி என்கிறோம்.

வலையொலி என்பது, ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வைக்கப்படும் பேச்சு நிகழ்ச்சி. வானொலிக்குக் காத்திருப்பதுபோல் குறித்த நேரத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விரும்பும்போது கேட்கலாம், நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம். 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஐபாட் என்னும் சிறிய இசைக்கருவியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இணைத்து இப்பெயர் உருவாயிற்று. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் இங்கிலாந்தின் கார்டியன் நாளேட்டில் இச்சொல்லை எழுதினார். ஐபாட்டின் உற்பத்தி 2022இல் நின்றுபோயிற்று. அதனால் பிறந்த சொல்லோ நிலைத்துவிட்டது.

பெயர் புதிதாயினும் இதன் வேர்கள் பழையவை. 1924ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பள்ளிகளுக்கென வானொலி நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. வகுப்பறைக் குழந்தைகள் தொலைவிலுள்ள அறிஞரின் குரலைக் கேட்டுக் கற்றனர். அதே ஆண்டில் தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் தம் வகுப்பறைக்குச் சிறிய அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயமுற்றவர் அவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்துவது அவருக்குக் கடினமாயிருந்தது. ஆகவே குழந்தைகளே தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி, தம் கையாலேயே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். பின்னர் அத்தாள்களைத் தொலைவிலுள்ள வேறொரு பள்ளியின் குழந்தைகளோடு பரிமாறிக்கொண்டனர். வானொலி, குழந்தையைக் கேட்க வைத்தது. அச்சுப்பொறி, குழந்தையைச் சொல்ல வைத்தது. இவ்விரண்டும் வலையொலியில் ஒன்று சேர்கின்றன.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் வில்லோடேல் என்னும் தொடக்கப்பள்ளி உள்ளது. அங்குள்ள குழந்தைகள் 2005ஆம் ஆண்டில் ‘ரேடியோ வில்லோவெப்’ என்ற பெயரில் வலையொலி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கத் தொடங்கினர். வகுப்பில் கற்கும் பாடமே நிகழ்ச்சியின் பொருள். அதனைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியாய் எழுதிப் பேசினர். ஒரு புதிய சொல்லின் பொருளைச் சிறு நாடகமாக நடித்து விளக்குவதும் அவற்றுள் ஒன்று. அந்நாட்களிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சாண்டெய்க் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் ‘ரேடியோ சாண்டெய்க்’ என்று தங்கள் நிகழ்ச்சியை நடத்தினர்.

இதனால் விளையும் நன்மை யாது? ஆசிரியர் ஒருவருக்காக எழுதும் குழந்தை, மதிப்பெண்ணுக்கு வேண்டிய அளவோடு நின்றுவிடுகிறது. முகமறியாத ஒருவர் கேட்கப்போகிறார் என்று அறிந்த குழந்தையோ, “நான் சொல்வது அவருக்கு விளங்குமா?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. விளங்காத வரியை மாற்றி எழுதுகிறது. பொருள் புரியாமல் வாசித்தால் எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்பதே தெரியாது. ஆகவே நன்றாக வாசிக்க வேண்டுமென்னும் ஆவல், புரிந்துகொள்ள வேண்டுமென்னும் கட்டாயத்தையும் உடன் கொண்டுவருகிறது.

தன் குரலை முதன்முறை கேட்கும் குழந்தை, “இது என் குரலே இல்லை” என்று சொல்லும். அதில் வியப்பில்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதை அடைகிறது. பதிவில் காற்று வழி வந்த ஒலி மட்டுமே உண்டு. பிறர் கேட்கும் தன் குரலைத் தானும் கேட்கும்போது, லகரமும் ளகரமும் ழகரமும் தன் நாவில் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதைக் குழந்தை தானே உணர்கிறது. ஆசிரியர் பத்துமுறை திருத்தியும் படியாதது, தன் காதால் கேட்டபின் படிகிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறாயிருக்கும் நமக்கு இன்னுமொரு பயனுண்டு. முன்னுரையை எழுத்துத் தமிழிலும், பாட்டியிடம் கேட்கும் பேட்டியைப் பேச்சுத் தமிழிலும் அமைக்கலாம். எது எங்கே பொருந்தும் என்னும் நுட்பத்தை இலக்கண நூலைத் திறவாமலே குழந்தை அறிந்துகொள்ளும்.

இதற்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டுமோ? வேண்டாம். ஒரு கைப்பேசியும் அமைதியான அறையும் போதும். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்து, அறையில் துணித்திரைகள் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. “நம் ஊர்க் குளம்” என்று ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குழு முதியோரிடம் கேட்டுத் தகவல் திரட்டும், எழுதும், ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும், பதிவு செய்யும், கேட்டுப் பார்த்து மறுபடியும் பதிவு செய்யும். நிகழ்ச்சி மூன்று நிமிடமே. அதற்கு முன் நடந்த இரண்டு வார உழைப்பே உண்மையான பாடம்.

ஆனால் இரண்டு ஆபத்துகளை மறந்துவிடலாகாது. முதலாவது, ஆண்டுவிழா நாடகத்திற்கு நேர்வது இதற்கும் நேரலாம். ஆசிரியரே எழுதிக்கொடுத்து, நன்றாகப் பேசும் இரு குழந்தைகளையே ஒவ்வொரு முறையும் நிறுத்தினால், பதிவு அழகாக அமையும்; கல்வி அமையாது. திக்கிப் பேசும் பிள்ளைக்கும், கூச்சமுள்ள பிள்ளைக்கும் இங்கேதான் வாய்ப்பு. மேடையில் தவறினால் தவறியதே. பதிவிலோ ஐந்தாம் முறையும் முயலலாம், யாரும் சிரிப்பதில்லை. செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கு எழுதிய உரையைக் கையில் கொடுக்க வேண்டும். எழுதுவதிலும் தகவல் திரட்டுவதிலும் அப்பிள்ளைக்கும் பங்குண்டு.

இரண்டாவது ஆபத்து, குழந்தையின் பாதுகாப்பைப் பற்றியது. இணையத்தில் ஏறியதை முழுவதும் திரும்பப் பெறுதல் அரிது. முழுப்பெயர், வீட்டு முகவரி, பள்ளிக்குச் செல்லும் வழி, புகைப்படம் ஆகியவை பதிவோடு செல்லலாகாது. பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றி எதையும் வெளியிடலாகாது. 2023ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயதிற்குட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. உண்மையைச் சொன்னால், இணையத்தில் ஏற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்திலும், பெற்றோர் கூட்டத்திலும் ஒலிக்கச் செய்தாலே போதுமானது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு பரிமாறிக்கொண்டால் அது இன்னும் சிறப்பு.

பெற்றோரே, பள்ளி தொடங்கட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அகன்றுபோவது நம் வீடுகளில் பெருகிவரும் வழக்கம். அதே கைப்பேசியை நடுவில் வைத்து, பிள்ளையின் அருகே அமருங்கள். பாடநூலின் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்து இருவரும் சேர்ந்து கேளுங்கள். குறை சொல்ல விரையாதீர்கள், “எந்த இடத்தில் மாற்றலாம்?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். மாதம் ஒருமுறை பதிந்து வைத்து, ஆண்டு முடிவில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாத வளர்ச்சியை உங்கள் செவியே காட்டும்.

கருவிகள் வரும், போகும். தன் சொல்லைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையே குழந்தையைக் கற்கத் தூண்டுகிறது. அந்த ஒருவராக முதலில் நாம் இருப்போம்.