முடுக்கினால் முனகும் எஞ்சின்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அதைத் தாண்டினால் பாறசாலை, அப்புறம் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று பிரித்தபோது விழுந்த கோடு இது. நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடி அதை நினைவூட்டும். கடற்கரையில் அப்படி எதுவும் இல்லை. கேரளத்தின் கடைசி மீனவ ஊரான பொழியூரிலிருந்து தமிழ்நாட்டின் நீரோடிக்கு மணலிலேயே நடந்து போகலாம். இரண்டு பக்கமும் அதே பிளைவுட், ஃபைபர் வள்ளங்கள். பின்னால் அதே ஜப்பான் எஞ்சின்கள். எஞ்சின்களுக்கு அதே வியாதி.

ஸ்டார்ட் ஆகிறது. மெதுவாக விட்டால் ஒழுங்காக ஓடுகிறது. முடுக்கினால் மட்டும் முனகிக்கொண்டு இறங்கிவிடுகிறது.

காருக்கு இது வந்தால் ஓரம் கட்டலாம். இந்தக் கரையில் வள்ளம் அலையைத் தாண்டித்தான் கடலுக்குள் போகவேண்டும், தாண்டித்தான் திரும்பவேண்டும். ஒரு பெரிய அலை உடைந்து அடுத்தது எழும் இடைவெளியில் எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கி வெளியேறிவிட வேண்டும். அந்தச் சில வினாடிகளில் சக்தி குறைந்தால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். திரும்பினால் கவிழும். பொழியூர்க்காரர்கள் பலர் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போய்த் தொழில் செய்வதற்குக் கரை அரிப்போடு இந்த அலையும் ஒரு காரணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் இந்தக் கடற்கரையில் துடுப்பையும் பாயையும் எஞ்சின் ஓரங்கட்டியது. முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கியதும், 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வள்ளம் கட்டுவதோடு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியதும் அந்தக் காலத்துக் கதை. யமஹா, சுசுகி என்று வந்த எஞ்சின்களுக்குத் தீனியாக அமைந்தது மண்ணெண்ணெய். விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. அது பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றவேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டவர், மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலியோடு நிற்பார்.

முடுக்கினால் இறங்கும் எஞ்சினைக் கண்டதும் சிலர் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அது அவசரம். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறதே, முதலில் அதைக் கேட்கவேண்டும். சக்தி இறங்கும் நேரத்தில் ஒருவர் அதைக் கையால் விடாமல் அமுக்கட்டும். எஞ்சின் தேறிவிட்டால் நோய் எஞ்சினுக்குள் ஆழமாக இல்லை. எண்ணெய் போதுமான அளவு வந்து சேரவில்லை. மெதுவாக ஓட அது கொஞ்சம் போதும். முடுக்கும்போது பல மடங்கு வேண்டும், அப்போதுதான் பற்றாக்குறை தெரிகிறது. உருண்டை சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு டேங்குப் பக்கம். பெரும்பாலும் மூடியிலுள்ள காற்றுத்துளையைத் திறக்க மறந்திருப்பார்கள். காற்று உள்ளே போகாமல் எண்ணெய் எப்படி வெளியே வரும்? எவ்வளவு அமுக்கியும் உருண்டை இறுகவில்லையென்றால் குழாயில் எங்கோ வெடிப்பு. அல்லது உருண்டைக்குள் இருக்கும் வால்வு தேய்ந்திருக்கிறது. உருண்டையில் குறையில்லாமல், அமுக்கினால் மட்டும் எஞ்சின் தேறுகிறதென்றால், பம்பிலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம்.

அமுக்கியும் பயனில்லையா? அதே மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். கேனிலிருந்து கேனுக்கு, கரையிலிருந்து வள்ளத்துக்கு என்று கைமாறும் எண்ணெயில் உப்புத் தண்ணீர் சேர்வதில் வியப்பில்லை. அடுத்து பிளக்குகள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் காய்ந்து பழுப்பாகவும் மற்றது கறுத்து ஈரமாகவும் இருந்தால், ஒரு காலால்தான் நடந்து வந்திருக்கிறது என்று பொருள். மண்ணெண்ணெயில் நெடுநேரம் மெதுவாக ஓட்டினாலும், எண்ணெயில் ஆயில் கூடுதலாகக் கலந்தாலும் கரி இப்படித்தான் படியும்.

சத்தம் ஏறுகிறது, வள்ளம் மட்டும் நகரவில்லை என்றால் கதை வேறு. புரொப்பெல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. உள்வளையத்தையும் வெளிப்பகுதியையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் போதும். கோடு உடைந்து விலகியிருந்தால் சந்தேகமில்லை. இன்னொன்று, கரையேறும்போது எஞ்சின் உறிஞ்சும் மணல். தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்களை அது அரித்துவிடும். எஞ்சினிலிருந்து பீறிடும் மெல்லிய நீர்க்கோடு மெலிந்தாலோ நின்றாலோ உடனே அணைக்காவிட்டால் பிஸ்டனுக்கு ஆபத்து.

இவ்வளவையும் கரையில் உட்கார்ந்து விரலால் தொட்டுச் சொல்லும் மெக்கானிக்குகள் எல்லைக்கு இரு புறமும் இருக்கிறார்கள். அரசுகளின் கணக்குக்கு வேறு அளவுகோல். மானிய மண்ணெண்ணெய்க்குப் பர்மிட் வேண்டும். கேரளத்தில் அதற்காக எஞ்சின்களைக் கரைக்குக் கொண்டுவரச் செய்து ஆய்வு நடத்துகிறார்கள், வயது முதிர்ந்த எஞ்சினுக்குப் பர்மிட் இல்லை. வயதை எண்ணுவது அதிகாரிக்குச் சுலபம். பராமரிப்பை எண்ணுவது சுலபமில்லை. மானிய எண்ணெய் தீர்ந்தபின் வெளிச்சந்தையில் வாங்குகிறார்கள். விலை ஏற ஏறக் கலப்படத்தின் ஆசையும் ஏறுகிறது. அதன் பலன் கார்புரேட்டரில் பிசினாகப் படிகிறது.

தொலைவுக்குப் போகும் வள்ளங்கள் இரண்டாவது எஞ்சினை ஏற்றிக்கொள்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கரைக்காரர்கள் பலரை நடுக்கடலில் பிடித்தபின் அதைப் பற்றி யாரும் கேலி பேசுவதில்லை. ஆனால் உபரி எஞ்சினுக்கும் எண்ணெய் அதே கேனிலிருந்தே போகிறதென்றால், முதல் எஞ்சினை நிறுத்திய தண்ணீர் இரண்டாவதையும் நிறுத்தும். அதற்கென்று தனிக் கேனில், வேறொரு நாள் வாங்கி வடிகட்டிய எண்ணெயை வைத்துக்கொள்ளச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.