முதுமைத் துயருக்கு நாட்காட்டியா அளவுகோல்?

குளிக்கவும் உடுக்கவும் பிறர் கைத்துணையை நாடி நிற்கும் முதிய படைவீரனுக்கு, அன்று அவனைப் படையிற் சேர்த்த அரசு ஆற்றவேண்டிய கடமை யாது? ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் இதற்கு அளிக்கும் விடையை நாம் ஆராய்தல் வேண்டும்.

படைச்சேவையால் ஊனமுற்றோர்க்கு அந்நாட்டில் தனியே நட்டஈடு உண்டு. நாம் இங்கு பேசுவது, வசதியற்ற முதிய வீரர்க்குரிய ஓய்வூதியத்தையும், பராமரிப்புக்கென அதனோடு சேர்க்கப்படும் மேலதிக உதவியையும் பற்றியே. வருமானமும் சொத்தும் ஆராயப்படுவதை நாம் குறை கூறோம். ஆனால், போர்க்காலத்தில் ஒருநாளேனும் சேவை புரிந்தாயா என்ற வினாவும் அங்கு உண்டு.

போர்முனையில் உயிரைப் பணயம் வைத்தவனுக்கே உரிமை என்று இவ்விதிக்கு நியாயம் கற்பிப்போர் உளர். சட்டமோ போர்முனையைப் பற்றிக் கேட்பதேயில்லை! கொரியாவில் 1953 யூலையிற் போர் ஓய்ந்தது. சட்டத்தின் போர்க்காலமோ 1955 சனவரி 31 வரை நீள்கிறது. அந்நாளிற் சேர்ந்து, உள்நாட்டுப் பாசறையில் 90 நாட்கள் சமைத்தவன் தகுதியுடையவன். மறுநாட் சேர்ந்து, கொரிய எல்லையில் ஆண்டுக்கணக்காகக் காவல் நின்று, 1964 ஆகஸ்டுக்கு முன் விலகியவன் தகுதியற்றவன். சமையற்காரனைப் பழிப்பது எமது நோக்கமன்று. இருவரும் உழைக்கும் மக்களின் புதல்வர்களே. இருவரையும் முதுமை ஒன்றுபோலவே படுக்கையிற் கிடத்துகிறது.

போகட்டும், போர்க்காலத்திற் களத்தில் நின்ற அனைவருக்கேனும் கதவு திறந்ததா? 1941 யூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிலிப்பைன்ஸ் படைகளை அமெரிக்கச் சேவைக்கு அழைத்தார். பட்டான் முனையில் அவர்கள் அமெரிக்கரோடு தோளொடு தோள் நின்று யப்பானியரை எதிர்த்தனர். போர் முடிந்தபின், 1946 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டமோ, பெரும்பாலான சலுகைகளுக்கு அச்சேவை அமெரிக்கப் படைச்சேவையாகக் கருதப்படாது என்றது. 63 ஆண்டுகள் கழிந்து, 2009இல், உயிரோடு எஞ்சியோர்க்கு ஒரேயொரு தடவைக் கொடுப்பனவு வழங்கப்பட்டது: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்க்கு 15,000 டொலர், பெறாதவர்க்கு 9,000 டொலர். ஒரே களம், ஒரே பகைவன். விலை மட்டும் இரண்டு! ஓய்வூதியக் கதவோ அதன்பின்னும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

ஆபத்தை அளப்பதாகக் கூறும் சட்டம், ஆபத்தை ஏற்றவனையே வெளியே நிறுத்தியது. இதனை நன்றிக்கடன் என்று அழைக்க நாம் ஒருப்படோம். படையிற் பணிபுரிந்தவன் எந்நாளிற் பணிபுரிந்தவனாயினும், எந்நாட்டிற் பிறந்தவனாயினும், பிறர் துணையின்றி எழ இயலாத வறியவன் என்பதே அவனது தகுதியாதல் வேண்டும். அழைத்தபோது வந்தவனை, அவன் தளர்ந்தபோது தாங்குவதே அரசின் கடமை.