கம்ப்யூட்டர்காரருக்கு வீட்டில் வேலை... கட்டிடக்காரருக்கு? டெல்லி குளிர் கேட்கும் கேள்வி!

டெல்லி குளிர் என்றால் சும்மா இல்லை. 2021 புத்தாண்டு அன்று காலை அங்கே பதிவான வெப்பநிலை 1.1 டிகிரி. நம்ம வீட்டு பிரிட்ஜுக்குள் இருப்பதை விட குறைவு! அந்தக் குளிரோடு பனிமூட்டமும் புகையும் சேர்ந்துவிட்டால் எதிரே வருகிற பஸ் கூட கண்ணுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்புவதா, வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதா? ஒவ்வொரு ஆண்டும் வருகிற கேள்விதான் இது. 2025 டிசம்பரில் டெல்லி அரசு இதற்கு ஒரு உத்தரவே போட்டது. அரசு ஆபீசாக இருந்தாலும் சரி, தனியார் கம்பெனியாக இருந்தாலும் சரி, பாதிப் பேர்தான் நேரில் வரவேண்டும். மீதிப் பேர் வீட்டில் இருந்தே வேலை பார்க்கணும். டிசம்பர் 18-ந் தேதி முதல் அமல் என்று அறிவித்தார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டரை மடியில் வைத்து வேலை பார்ப்பவருக்கு சம்பளம் குறையாது, நெஞ்சு எரிச்சலும் மிச்சம். ஆனால் சாரத்தில் ஏறி பூசுகிறவர், சித்தாள், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, வாட்ச்மேன், சாப்பாட்டு பார்சலை பைக்கில் கொண்டு போகும் தம்பி... இவங்க எல்லாம் வீட்டில் இருந்து எப்படி வேலை பார்ப்பது?

குளிருக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?

டெல்லியில் வண்டிகள் ஆண்டு முழுக்க ஓடுகின்றன. தொழிற்சாலைகளும் ஆண்டு முழுக்க இயங்குகின்றன. பிறகு ஏன் குளிர்காலத்தில் மட்டும் மூச்சு முட்டுகிறது?

வெயில் காலத்தில் தரை சூடாகும். சூடான காற்று மேலே போகும்போது புகையையும் தூசியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் இது தலைகீழ். தரைக்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று. பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. காற்றும் வீசாது. கீழே கிளம்புகிற புகை கீழேயே சுற்றுகிறது.

அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகையும் வந்து சேரும். டிசம்பருக்குள் அது அடங்கிவிடும். அதன் பிறகும் காற்று மோசமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை, கட்டிடத் தூசி, குளிர் காய எரிக்கும் விறகு, குப்பை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

2024 நவம்பர் 18-ந் தேதி டெல்லியின் காற்று தரக் குறியீடு 494. 50-க்குள் இருந்தால்தான் நல்ல காற்று. 400-ஐ தாண்டினாலே 'கடுமை' என்று கணக்கு. 2025 டிசம்பர் 14-ந் தேதியும் 461-ஐ தொட்டது.

புகை மட்டும் பிரச்சினை இல்லை, பயணமே ஆபத்துதான். 2025 டிசம்பர் 16-ந் தேதி அதிகாலை மதுரா அருகே யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் பனிமூட்டத்தில் பஸ்களும் கார்களும் ஒன்றன் மீது ஒன்று மோதி தீப்பிடித்தன. 10-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தனர். டெல்லியில் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லும் அறிவிப்பு அடுத்த நாளே வந்தது.

பாதி யார்? மீதி யார்?

டெல்லியில் காற்று கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்கு 4 கட்ட நடவடிக்கைத் திட்டம் உண்டு. 'கிராப்' என்று சொல்கிறார்கள். மூன்றாம் கட்டம் வந்தால் தூசி கிளப்பும் கட்டிட வேலைகளுக்குத் தடை. பழைய கார்களுக்கும் தடை. நான்காம் கட்டம் வந்தால் கெடுபிடி இன்னும் அதிகம். பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்வது முன்பு நான்காம் கட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அதை மூன்றாம் கட்டத்துக்கே கொண்டு வந்தார்கள்.

2024-லும் இது நடந்தது. அரசு ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்து வேலை பார்த்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வராமல் இருக்க ஆபீஸ் நேரத்தையும் பிரித்தார்கள். மாநகராட்சிக்கு காலை 8.30 மணி, மத்திய அரசு ஆபீசுக்கு 9 மணி, டெல்லி அரசு ஆபீசுக்கு 10 மணி.

இது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ரோட்டில் கார் குறைந்தால் புகை குறையும், பஸ்சும் நேரத்துக்குப் போகும். பஸ்சில் போகிற கூலித் தொழிலாளிக்கும் அதில் லாபம் உண்டு.

ஆனால் உத்தரவில் விலக்கு பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஆஸ்பத்திரி, தீயணைப்பு, ஜெயில், பஸ், மெட்ரோ ரெயில், மின்சாரம், தண்ணீர், துப்புரவு. இவங்க கட்டாயம் வேலைக்கு வரணும். ஊரே மூச்சு முட்டி கதவைச் சாத்தும்போது ரோட்டில் நிற்கப் போவது துப்புரவுத் தொழிலாளியும் டிரைவரும் கண்டக்டரும்தான்.

இதில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வகை, வீட்டில் இருந்தாலும் சம்பளம் வரும். இரண்டாம் வகை, சம்பளம் வரும், ஆனால் புகையில் நின்றே ஆகணும். மூன்றாம் வகைக்கு வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மூன்றாம் வகைதான் கட்டிடத் தொழிலாளி.

16 நாளும் 10 ஆயிரமும்

கட்டிட வேலையை நிறுத்தினால் தூசி குறையும் என்பது உண்மை. ஆனால் நிறுத்துகிற அன்றே கொத்தனார் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். காரில் போகிறவருக்கு அன்று கார் மட்டும்தான் நிற்கிறது. சைக்கிளிலும் நடந்தும் வேலைக்கு வருகிறவருக்கோ கூலியே நின்றுபோகிறது.

இந்த நியாயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2021 நவம்பரில், கட்டிட வேலை நின்ற நாட்களுக்கு தொழிலாளர் நல நிதியில் இருந்து பணம் கொடுங்கள் என்று கோர்ட்டு சொன்னது. அந்த ஆண்டு டெல்லியில் ஆளுக்கு 5 ஆயிரம் ரூபாய் அறிவித்தார்கள். 2024-ல் 8 ஆயிரம் ரூபாய் என்றார்கள். ஆனால் முதலில் கைக்கு வந்தது 2 ஆயிரம்தான். மீதி 6 ஆயிரத்தையும் கொடுங்கள் என்று டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்த பிறகே வழி பிறந்தது. அந்தக் கணக்கில் இருந்தவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர்.

2025 டிசம்பரில் தொகை 10 ஆயிரம் ஆனது. கட்டிட வேலை நின்ற 16 நாட்களுக்கு இது என்று சொன்னார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 625 ரூபாய். 2025 ஏப்ரலில் டெல்லியில் கைத்திறன் இல்லாத தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச சம்பளம் மாதம் 18 ஆயிரத்து 456 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி சுமார் 710 ரூபாய். கைத்திறன் உள்ள கொத்தனாருக்கு அதைவிட அதிகம். ஆக, அரசு கொடுக்கும் தொகை முழுக் கூலி இல்லை. ஆனாலும் ஒண்ணும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. இந்தப் பணம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். டெல்லியில் பதிவு செய்தவர்கள் சுமார் 2½ லட்சம் பேர், அதில் சரிபார்த்து முடித்தது 7 ஆயிரம் பேர் என்று 2025 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தார்கள். பதிவே செய்யாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். பீகாரில் இருந்தும் உத்தரபிரதேசத்தில் இருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து, இந்த மாதம் ஒரு கட்டிடம், அடுத்த மாதம் இன்னொரு கட்டிடம் என்று மாறுகிறவரிடம் 90 நாள் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டால் அவர் யாரிடம் போய் வாங்குவார்?

வீட்டு வேலைக்காரருக்கு எந்த வீடு?

கட்டிடத் தொழிலாளிக்காவது ஒரு வாரியம் இருக்கு, கோர்ட்டு இருக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

டெல்லி ஜங்புரா பக்கம் கால்வாய் ஓரத்தில் 'மதராசி கேம்ப்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் தமிழர்கள். பெண்கள் பலர் அக்கம் பக்கத்து வீடுகளில் பாத்திரம் கழுவி, சமைத்து, பெருக்கி பிழைத்தவர்கள். நடந்தே வேலைக்குப் போய் வருவார்கள். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ந் தேதி சுமார் 370 வீடுகளையும் இடித்தார்கள். பாதிக்குச் சற்று மேலான குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். ஜங்புராவில் இருந்து அது 30 கிலோ மீட்டருக்கும் மேல்.

பழைய வேலையை விடக்கூடாது என்றால் விடியற்காலை பனியில் பஸ் ஏறணும். டெல்லி அரசு பஸ்சில் பெண்களுக்கு 2019-ல் இலவசப் பயணம் வந்ததால் டிக்கெட் காசு பயம் இல்லை. ஆனால் நேரத்தை யார் திருப்பித் தருவது? முன்பு 10 நிமிடம் நடந்தவர் இப்போது பஸ் மாறி பஸ் மாறி போகணும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆபீஸ்காரர் வீட்டில் இருந்து வேலை பார்த்தால் அந்த வீட்டில் காபி கூடும், சாப்பாடு கூடும், பாத்திரம் கூடும். அவருக்கு 'வீட்டில் இருந்து வேலை' என்றால் இந்த அம்மாவுக்கு வேலை இரட்டிப்பு. ஒரு நாள் வரலைன்னா கூலி பிடிப்பு வேறு!

இரவு வாட்ச்மேன் கதையும் இதேதான். குளிருக்கு விறகு எரித்தால் புகை என்று தடை. அதற்குப் பதிலாக அவருக்கு மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களுக்கு கிராப் திட்டம் சொல்கிறது. இதுதான் சரியான முறை. ஒன்றைத் தடுத்தால் அதற்கு மாற்று கையில் கொடுக்கணும். கூலிக்கும் இதே முறைதான் வேண்டும்.

மீனவருக்கு இருக்கே!

வேலைக்குப் போகாதே என்று அரசு சொல்லும்போது, அதற்கான பணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியும். தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு.

நம்ம கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பெருகட்டும் என்று தடை. அதற்கு தடைக்கால நிவாரணம் கொடுக்கிறார்கள். 5 ஆயிரமாக இருந்ததை 8 ஆயிரமாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்தான். போதாது என்பது நியாயமான குறை. ஆனால் தேதி முன்பே தெரியும், தொகையும் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் கோர்ட்டு படி ஏறத் தேவையில்லை.

டெல்லி குளிரும் திடீர் விருந்தாளி இல்லையே! காலண்டர் பார்த்து வருகிறது. நவம்பர் வந்தால் புகை வரும், வேலை நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்டோபருக்குள் பெயர் சரிபார்த்து, வங்கிக் கணக்கு சரிபார்த்து, வேலை நிற்கும் வாரமே பணம் போடுவதில் என்ன கஷ்டம்? கட்டிடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கத்தானே செய்கிறார்கள்?

நமக்கு ஏன் இந்தப் பேச்சு?

நம்ம ஊரில் பனி இல்லை, மழை இருக்கு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை 15-ந் தேதி முதல் 18-ந் தேதி வரை வீட்டில் இருந்து வேலை பார்க்க வைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை. அந்த நாட்களில் கொத்தனாரும் சித்தாளும் பெயிண்டரும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். ஆனால் வேலை இல்லாமல்!

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. நாட்டுக்கே வழிகாட்டி என்று பெருமைப்படலாம். ஆனால் அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள், வங்கிக் கணக்கு விவரம் சரியில்லாதவர்கள், 'அதெல்லாம் எதுக்குப்பா' என்று பதிவே செய்யாதவர்கள் நம்ம தெருவிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். நாளைக்கே ஒரு நிவாரணம் அறிவித்தால் டெல்லியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். பணம் இருக்கும், வாங்க பெயர் இருக்காது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ள கட்டிடத் தொழிலாளர்கள் மழைக்கு முன்பே அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

குளிரோ, மழையோ, புகையோ... 'வீட்டில் இரு' என்று சொல்வது அரசுக்கு ஒரு வரி உத்தரவு. மாதச் சம்பளக்காரருக்கு அது பாதுகாப்பு. தினக்கூலிக்காரருக்கு அது பட்டினி. உத்தரவு போடும் அதே பேப்பரில் கூலிக்கும் ஒரு வரி எழுதினால்தான் அது எல்லாருக்குமான உத்தரவு!