பிளாட்பாரக் கடைக்காரன்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. 'பையன் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால் என் அம்மா, "ஏதோ பிளாட்பாரத்துல வேலை" என்று சொல்லிவிடுவாள். பாதிப் பேர் ரயில்வே என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். மீதிப் பேர், 'பனியன் ஜோடி என்ன விலை?' என்று கேட்டார்கள்.

விஷயம் இதுதான். செல்போனில் ஓடும் ஆப் எழுதுவது என் பிழைப்பு. எந்த வகை போனுக்கு எழுதுகிறோமோ, அதற்கு எங்கள் பாஷையில் பிளாட்பாரம் என்று பெயர். இதுவரை ஐந்து பிளாட்பாரத்தில் கடை போட்டுவிட்டேன். மூன்றை மூடிவிட்டார்கள். ஆக, அம்மா சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

2007-ல் ஆரம்பித்தது. ஆவடியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒரு சின்னக் கம்பெனி. கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். அன்றைக்கு போன் என்றாலே நோக்கியாதான். பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் தொழிற்சாலை திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஜாவாவில் ஒரு தடவை எழுதினால் எல்லா போனிலும் ஓடும் என்பது ஐதீகம். நடைமுறை வேறு. 128க்கு 128 புள்ளித் திரையில் லட்சணமாக இருந்த ஆப், 176க்கு 208 திரையில் கொடியில் காயும் கைக்குட்டை மாதிரி மூலையில் தொங்கும். சில போன்களில் மொத்த ஆப்பும் 64 கேபிக்குள் அடங்க வேண்டும். இன்று உங்கள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூவே அதைவிடக் கனம் ஸார்!

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். ரிடையராக ஒரு வருஷம் பாக்கி. ஒரு நாள் ராத்திரி மாத்திரையை மறந்துபோய் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, அம்மா சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக் காப்பாற்றினாள்.

ஊருக்கெல்லாம் எழுதுகிறோம், அப்பாவுக்கு எழுதக்கூடாதா? இரண்டு வேளையும் மணி அடித்து, 'போட்டாச்சு' என்று அழுத்தும்வரை விடாத ஓர் ஆப் எழுதினேன். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். தமிழில் அடித்தேன். திரையில் வந்ததோ வெறும் கட்டம் கட்டமாக!

முத்து நெடுமாறன் என்கிற மலேசியத் தமிழர் 2005-லேயே 'செல்லினம்' மூலம் செல்போனில் தமிழ் எழுத வழி பண்ணியிருந்தார். எனக்கு அத்தனை சாமர்த்தியம் ஏது? 'காலை', 'இரவு' என்ற இரண்டே சொற்களைப் படமாக வரைந்து ஒட்டினேன். இரண்டு வேளை மாத்திரைக்கு இரண்டு சொல் போதாதா? இந்தக் கஞ்சத்தனத்துக்குப் பின்னால் அனுபவித்தேன், சொல்கிறேன்.

அடுத்தது சிம்பியன். நோக்கியாவின் பெரிய போன்களில் இருந்தது. எழுதுவது கொடுமை. ஒரு வரி எழுதினால், அது எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்க நாலு வரி எழுத வேண்டும். இரண்டு வருஷம் தலைகீழாக நின்று கற்றேன். 'அம்பத்தூர்ல சிம்பியன்னா இவன்தான்' என்று பெயர் வாங்கிய நேரத்தில், 2011 பிப்ரவரி வந்தது.

நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலாப் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் பிளாட்பாரம் தீப்பிடித்துவிட்டது, நிற்பவன் குதித்துத்தான் ஆக வேண்டும். நம் நிலைமையும் அதுதான் என்று உவமை. பிறகு விண்டோஸ் போனில் குதித்தார். கூடவே நாங்களும் தொபுக்கடீர்!

அதையும் கற்றேன். 2012-ல் விண்டோஸ் போன் 8 வந்தது. முந்தைய 7 போன்களில் அது ஏறாது என்றார்கள். மறுபடி முதலிலிருந்து. 2014 ஜனவரி முதல் தேதியோடு சிம்பியனுக்குப் புது ஆப் வாங்குவதையே நிறுத்தினார்கள். நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையிலும் உற்பத்தி நின்றது.

அதே மாதம் எங்கள் மேனேஜர் கூப்பிட்டார். "ரெண்டு மாசம் டைம். ஆண்ட்ராய்டு கத்துக்கோ. இல்லேன்னா..." என்று இழுத்தார். அந்த மூன்று புள்ளிக்குள் என் வீட்டுக் கடன் மாதத் தவணை, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தெரிந்தது. வயசு முப்பத்து நாலு. கற்றுக்கொடுக்கப் போகும் குருநாதருக்கு இருபத்து மூன்று. என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டான், படுபாவி!

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, மூஞ்சி சரியில்லை?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் வேலையில சேர்ந்தப்போ விஜயந்தா டாங்கி. வெள்ளைக்காரன் டிசைன். பதினெட்டு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன். அப்புறம் ரஷ்யாக்காரன் டி-72 வந்தது. அஜேயான்னு பேர் வெச்சாங்க. வரைபடம் வேற, ஸ்பானர் வேற. எனக்கு நாப்பது வயசு. நேத்து வந்த பையன் சொல்லிக் கொடுத்தான்."

"கஷ்டமா இல்லையாப்பா?"

"வெட்கமா இருந்தது. ஒரு மாசம். அப்புறம் அவனே எங்கிட்ட சந்தேகம் கேட்டான். நட்டு எங்க கழண்டு விழும்னு எனக்குத்தானே தெரியும்?"

மறுநாள் குருநாதர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மூன்றாவது வாரமே அவன் கேட்டான்: "அங்கிள், மெமரி இல்லாத சின்ன போன்ல இது படுத்துக்குதே, என்ன பண்றது?" 64 கேபியில் குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கா தெரியாது? வேலை நிலைத்தது.

பின்னாலேயே ஐபோனும் வந்து சேர்ந்தது. அதற்கு ஆப்பிள் கம்ப்யூட்டரே வேண்டும். கடை போட கூகுளுக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர். அப்பாவிடம் சொன்னபோது, "ஒருத்தன் பகடி, இன்னொருத்தன் குத்தகையா?" என்றார். இப்போது ஃப்ளட்டர் மாதிரி வந்துவிட்டன. ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்கிறார்கள். இந்த ஐதீகத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

இத்தனை கூத்திலும் அப்பா மட்டும் அந்தப் பழைய பட்டன் போனைவிட்டு நகரவில்லை. பேட்டரி மாற்றி மாற்றி, வேளை தவறாமல் அது மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன வருஷம் டாக்டர், "இனிமே மூணு வேளை" என்றார். வந்தது வினை! நான் வரைந்து வைத்தது 'காலை', 'இரவு' மட்டும். 'மதியம்' இல்லை. சேர்க்கலாம் என்று தேடினால், மூலப் புரோகிராம் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்து வருஷக்கணக்காகிறது.

ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதினேன். இப்போது கட்டம் வரவில்லை, 'மதியம்' என்று அடித்தால் மதியம் என்றே வருகிறது. போனை நீட்டினேன். "டச் போன் வேணாம்டா. இந்த வயசுல யார் கத்துக்கறது?" என்றார்.

"அப்பா, டி-72 வந்தப்போ..." என்று ஆரம்பித்தேன். முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு ஆபீசுக்கு போன் வந்தது.

"டேய், மதியம் மணி அடிச்சது. போட்டாச்சு. இது உனக்கு எத்தனாவது பிளாட்பாரம்?"

"நாலாவதுப்பா."

"இதையும் ஒரு நாள் மூடிடுவாங்களா?"

"மூடினாலும் மூடுவாங்கப்பா."

"மூடட்டும். நம்ம நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமா வெச்சுக்கோ. 'மதியம்' கையோட இருக்கட்டும்!"