கொடுக்காத ரசீது, கிடைக்காத படி

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தைப் புதைத்துவிட்டு, அதனிடத்தில் ‘விக்சித் பாரத் – ரோஸ்கார் மற்றும் ஆஜீவிகா மிஷன் (கிராமின்) உத்தரவாதச் சட்ட’த்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டது மோடி அரசு. அதற்காக அது அடுக்கிய நியாயங்களுள் ஒன்று கட்சி அணிகளின் தனிக் கவனத்துக்கு உரியது. வேலை கேட்டும் கிடைக்காதவருக்குத் தரவேண்டிய வேலையின்மைப் படி பழைய சட்டத்தில் பெயரளவில்தான் இருந்ததாம். தகுதியிழப்பு விதிகள் அதை முடக்கிவைத்திருந்தனவாம். அவ்விதிகளை நீக்கிப் படியைப் பொருளுள்ள உரிமையாகத் தாங்கள் மீட்டுக் கொடுத்துவிட்டார்களாம். 125 நாள் என்னும் முழக்கத்தின் இரைச்சலில் இந்தக் கூற்று போதிய மறுப்பைப் பெறாமலே நழுவிவிட்டது.

படி பெயரளவில் இருந்தது என்பது உண்மை. அதற்குத் தகுதியிழப்பு விதிகள்தாம் காரணம் என்பது பொய்.

பழைய சட்டத்தின் 7ஆம் பிரிவு சொன்னது மிக எளியது. வேலை கேட்டு மனுக் கொடுத்தவருக்கு 15 நாளுக்குள் வேலை தரவேண்டும். தராவிட்டால் படி தரவேண்டும். முதல் 30 நாளுக்கு அது கூலியில் கால்பங்குக்குக் குறையலாகாது. நிதியாண்டின் எஞ்சிய காலத்துக்கு அரைப்பங்குக்குக் குறையலாகாது. நாட்கூலி 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் மாதம் நாளொன்றுக்கு 60 ரூபாய். பின்னர் 120 ரூபாய். உரிய நாளிலிருந்து 15 நாளுக்குள் அதைக் கையில் சேர்க்கவும் வேண்டும். முடியாமற்போனால் திட்ட அலுவலர் அதற்கான காரணத்தை எழுதித் தம் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் அறிவிப்பாக ஒட்டவேண்டும் என்றது 8ஆம் பிரிவு. அப்படியோர் அறிவிப்பு ஒட்டப்பட்ட சுவரைக் கண்டவர் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

‘படி’ என்னும் தமிழ்ச் சொல் இவ்விடத்தில் சற்றே தொல்லை தருகிறது. களத்தில் ஆண்டை அளந்த படியும், கடவுளையும் எசமானனையும் ஒருசேரப் ‘படியளப்பவர்’ என்று அழைத்த வழக்கும் அச்சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டம் வகுத்த படி எவருடைய கருணையும் அன்று. வாக்குத் தவறிய அரசு செலுத்தவேண்டிய தண்டம் அது. 1977ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம் அத்தண்டத்தை நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தது. காசு அற்பம்தான். ஆயினும் அரசு தொழிலாளிக்குக் கடன்பட்டது என்று அந்த ஒரு ரூபாய் ஒப்புக்கொண்டது. 2005இல் இடதுசாரிகளின் அழுத்தமும் மக்கள் இயக்கங்களின் போராட்டமும் சேர்ந்து பெற்ற சட்டத்தில் அந்த ஒப்புதலே 7ஆம் பிரிவாக நின்றது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது உறுதிச் சட்டம் அன்று. நிதியிருந்தால் வேலை, இல்லாவிட்டால் கைவிரிப்பு என்ற வழக்கமான நிவாரணத் திட்டம்.

தகுதியிழப்பு பற்றிய 9ஆம் பிரிவு யாரைப் பற்றியது? கொடுத்த வேலையை ஏற்காதவர், அழைத்தும் 15 நாளுக்குள் வராதவர், அனுமதியின்றி ஒரு வாரத்துக்கு மேல் வராதிருந்தவர் ஆகியோர் மூன்று மாதத்துக்குப் படி கோர முடியாது என்றது அது. கடுமையான விதிதான், நீங்கியதில் எவருக்கும் வருத்தமில்லை. ஆனால் அது பாயவேண்டுமானால் முதலில் வேலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வேலையே கொடுக்கப்படாதவர் எதை மறுத்துத் தகுதியிழந்தார்? பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பவனிடம் வாசற்படி தடுக்கியதால்தான் உள்ளே நுழைய முடியவில்லை என்று சொல்வதைப் போன்றது அமைச்சகத்தின் வாதம்.

பூட்டு வேறிடத்தில் இருந்தது. 15 நாள் என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மனுக் கொடுத்த நாளிலிருந்து. மனுக் கொடுத்ததற்குச் சான்று எது? தேதியிட்ட ரசீது. சட்டத்தின் அட்டவணையே கட்டாயமாக்கிய அந்தத் துண்டுச் சீட்டுதான் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது. ஜார்க்கண்டிலோ பீகாரிலோ ஒடிசாவிலோ ஓர் ஊராட்சி அலுவலகத்தில் நடப்பதைப் பார்த்தவருக்கு இது புதிதன்று. பெண்கள் கூட்டமாக வந்து மனுவை நீட்டுவார்கள். ரோஸ்கார் சேவகர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, “வேலை வந்தால் சொல்லியனுப்புகிறேன்” என்பார். சிலவேளை மனுவையும் வாங்கமாட்டார்; வெள்ளைத் தாளில் கைந்நாட்டு மட்டும் பெற்றுக்கொண்டு, தேதியைப் பிறகு எழுதிக்கொள்வார். வேலை தயாரான பின்னரே கணினியில் ‘கோரிக்கை’ பதிவாகும். கேட்ட நாளும் கொடுத்த நாளும் அடுத்தடுத்து நிற்கும். புள்ளிவிவரத்தில் கேட்டவர்க்கெல்லாம் வேலை கிடைத்திருக்கும். படிக்கு உரியவர் ஒருவரும் இருக்கமாட்டார். ரசீது வழங்கப்படாமையையும் படி கொடுபடாமையையும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2013ஆம் ஆண்டு அறிக்கையே பதிவுசெய்திருக்கிறது. உரிமையை மறுத்தால் வழக்கு வரும். கோரிக்கையே எழவில்லை என்று ஆக்கிவிட்டால் வழக்குக்கும் இடமில்லை.

அதிகாரிகளின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் 22ஆம் பிரிவு கூலிச் செலவை ஒன்றிய அரசின் மீதும் வேலையின்மைப் படியை மாநில அரசின் மீதும் வைத்தது. வேலை கொடுத்தால் டெல்லியின் பணம், கொடுக்காவிட்டால் தன் பணம் என்ற அச்சத்தில் மாநிலம் வேலையைத் திறந்துவிடும் என்பது கணக்கு. நல்ல கணக்கே. ஆனால் டெல்லியிலிருந்து பணம் தடையின்றி வரும் என்பதன் மீது அது நின்றது. ஒதுக்கீட்டின் ஒரு பகுதி முந்தைய ஆண்டின் பாக்கிக்கே போய், ஆண்டின் நடுவிலேயே கருவூலம் கைவிரிக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாயிற்று. வேலை கொடுக்கப் பணமில்லை. ரசீது கொடுத்தால் தண்டம். ரசீதை மறுப்பதே மாநில அரசுகளுக்கு மலிவான வழியாயிற்று. கட்சிக்கொடி எந்த நிறமானாலும் வட்டார அலுவலகத்தின் பழக்கம் பெரிதும் மாறவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மேற்கு வங்கம் இதன் உச்சம். ஹூக்ளி, பூர்வ பர்த்தமான், மால்டா, டார்ஜிலிங் பகுதிகளில் முறைகேடு கண்டதாகச் சொல்லி, 27ஆம் பிரிவைக் காட்டி, 2022 மார்ச்சில் மாநிலம் முழுவதற்குமான நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2021 டிசம்பர் முதல் செய்து முடித்த வேலைக்கான கூலியும் நின்றது. திருடியவனைப் பிடிப்பதற்குச் சட்டத்தில் வழியிருந்தது. திருடப்பட்டவளின் அடுப்பை அணைப்பதற்கு வழியில்லை. கொல்கத்தாவில் திரிணாமுல் அரசு டெல்லியைச் சுட்டிக்காட்டியது. டெல்லியில் பாஜக அரசு கொல்கத்தாவைச் சுட்டிக்காட்டியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் வேலையைத் தொடங்கவேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் ஆணையிட்டது. அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம்வரை சென்று அக்டோபரில் தோற்றது. இரண்டு மாதம் கழியுமுன் சட்டத்தையே மாற்றிவிட்டது.

மேல்முறையீடு? ரசீது தராததைப் பற்றிய புகாரைத் திட்ட அலுவலரிடம் கொடுக்கவேண்டும். அவர் ஏழு நாளில் தீர்க்கவேண்டும். பெரும்பாலும் அவர் வட்டார வளர்ச்சி அலுவலரே. எவர் அலுவலகத்தில் மனு தொலைந்ததோ அவரே நீதிபதி. சட்டத்தை மீறியவருக்கு 25ஆம் பிரிவு விதித்த உச்ச அபராதம் 1,000 ரூபாய். கூலி தாமதத்துக்கான இழப்பீடோ நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு. ஆறு நாள் கூலியான 1,440 ரூபாய் நின்றுபோனால் ஒரு நாளைக்கு 72 காசு. அந்தக் காசைக் கணக்கிடுவதிலும் தில்லுமுல்லு. வட்டார அலுவலகத்தில் பட்டியல் தயாராகும்வரை உள்ள தாமதத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, அதன்பின் பணம் டெல்லியிலிருந்து வங்கிக்கு வந்துசேரும்வரை ஆன தாமதத்தை ஒன்றிய அரசு எண்ணாமலே விட்டது. ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டவேண்டியிருந்தது.

இப்போது புதிய சட்டம் படியை மீட்டுத்தந்ததா என்று பார்க்கலாம். படியின் பொறுப்பு மாநிலத்தின் தலையிலேயே இருக்கிறது. அதோடு கூலியிலும் பொருளிலும் 40 விழுக்காடு மாநிலத்துக்கு ஏறியிருக்கிறது; வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 10 விழுக்காடு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு நிதி என்பதை ஒன்றிய அரசே முன்கூட்டி வரையறுக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு முழுவதும் மாநிலத்தினுடையது. ஆக, வரம்பு தாண்டிய ஒவ்வொரு மனுவும் மாநிலக் கருவூலத்துக்கு இரட்டை நட்டம்: வேலை கொடுத்தால் முழுக் கூலி, கொடுக்காவிட்டால் படி. இத்தகைய சட்டத்தின்கீழ் எந்த வட்டார அலுவலர் தேதியிட்ட ரசீது எழுதிக்கொடுப்பார்? போதாக்குறைக்கு, விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்திவைக்கலாம். நிலவுடைமையாளருக்குக் கூலி உயராமல் ஆள் கிடைப்பதற்கான ஏற்பாடு இது. அந்த 60 நாளில் வேலை கேட்கும் உரிமையே உறங்கும்போது படிக்கு ஏது பேச்சு? 9ஆம் பிரிவை நீக்கியதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது இயக்கத்தின் பக்கம். மத்தியப் பிரதேசத்தின் பத்வானி மாவட்டத்தில் பாட்டி வட்டாரத்து ஆதிவாசித் தொழிலாளர்கள், சட்டம் நடைமுறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே, ஜாக்ரித் ஆதிவாசி தலித் சங்கதனின் தலைமையில் மனுக் கொடுத்து, ரசீது பெற்று, படியையும் பெற்றுக் காட்டினார்கள். நாட்டிலேயே முதன்முதலில் படி பெற்றவர்களுள் அவர்களும் அடங்குவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் நிறைந்த அந்த மலைக்கிராமங்களில் முடிந்தது, செங்கொடிச் சங்கங்கள் வேரூன்றிய பல பகுதிகளில் ஏன் நடக்கவில்லை? ஊர்வலம் நடக்கிறது, அலுவலகம் முற்றுகையிடப்படுகிறது, கோரிக்கை மனு அதிகாரியிடம் வழங்கப்படுகிறது, புகைப்படம் ஏட்டில் வருகிறது. ஐந்நூறு பேரின் வேலை மனுக்களைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, ஐந்நூறு ரசீதுகளைக் கட்டாக வாங்காமல் கூட்டம் கலைந்துவிடுகிறது. தீர்மானங்களில் ‘வேலையின்மைப் படி வழங்கு’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. எத்தனை பேருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகை என்று கேட்டால் கிளையில் பதிவேடு இல்லை. சிறு தொகைக்கு இவ்வளவு எழுத்துவேலையா என்று சலித்துக்கொள்ளும் தோழர்களும் உண்டு. அந்த எழுத்துவேலைக்கு அஞ்சித்தான் எதிரி ரசீதையே ஒளிக்கிறான்.

கூட்டு மனுவுக்கும் முன்கூட்டிய மனுவுக்கும் பழைய சட்டத்தின் அட்டவணை இடம் கொடுத்திருந்தது. ஊராட்சி மறுத்தால் திட்ட அலுவலரிடம் நேரே கொடுக்கலாம். இனி எந்தச் சட்டத்தின் பெயரால் மனுக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எழுதவேண்டும்: ஒன்று அலுவலகத்துக்கு, தேதியும் முத்திரையும் பெற்ற மற்றது தொழிலாளிக்கு. அந்தத் தேதியைக் கிளைச் செயலாளர் பதிவேட்டில் ஏற்றிப் பதினைந்து நாளை எண்ணத் தொடங்கவேண்டும். முத்திரை விழும்வரை கூட்டம் அலுவலக வாசலை விட்டு எழக்கூடாது.