சலுகையும் சிலுவையும்

துன்பம் ஆன்மாவை வளர்க்கும் என்னும் உபதேசம் நம் நாட்டுத் தேவாலயங்களில் புதியதொன்றன்று. தவக்காலம் பிறந்ததும் அது ஓங்கி ஒலிக்கத் தொடங்கும். பெரிய வெள்ளியன்று உச்சத்தை எட்டும். கேட்டுக்கொண்டிருப்போருள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் இருப்பாள். உறுதி கையிலிருந்தும் தன் காணிக்குள் கால்வைக்க முடியாத கமக்காரனும் இருப்பான். தலைகுனிந்து கேட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்புகின்றனர். இந்த உபதேசம் மெய்தானா? மெய்யாயின் யார் வாயில் மெய்? வேத வியாக்கியானம் நமது தொழிலன்று. அதற்கு உரியோர் உளர். ஆனால் வரலாறு எல்லோருக்கும் பொது. யாழ்ப்பாணத்து மண்ணின் வரலாறே இக்கேள்விக்குத் தெளிவானதொரு விடை வைத்திருக்கின்றது.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் பரப்பிய கத்தோலிக்க மதம் அவர்களுக்கு அரசியற் பகையாகத் தோன்றியது. குருமார் துரத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. தம்முடைய சீர்திருத்தத் திருச்சபைக்கோ ஒல்லாந்தர் சலுகைகளை வாரி வழங்கினர். ஞானஸ்நானமும் விவாகமும் அத்திருச்சபையின் தோம்பிலே பதியப்பட வேண்டும். பதியாதவனின் விவாகம் செல்லாது. அவன் பிள்ளைகளின் முதுசத்துக்கு வழக்கு வரும். உத்தியோகத்தின் வாசற்படியை அவன் மிதிக்கவும் இயலாது. ஆகவே கற்றவன் உத்தியோகத்துக்காகவும் கமக்காரன் காணிக்காகவும் பெயரைப் பதிந்தனர். அவர்களை நாம் பழிக்கமாட்டோம். பிள்ளைகளின் சோற்றைக் காக்க ஒரு தகப்பன் செய்ததை, நாற்காலியில் அமர்ந்து எழுதும் நாம் குறைகூறுவது அழகன்று. விரதம் இருந்த சைவர்கள், சாப்பிட்ட வாழையிலையைக் கூரையின் இறப்பிற் செருகி ஒளித்தனர் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒடுக்கப்பட்டோர் ஒரு சமயத்தார் மட்டுமல்லர்.

கத்தோலிக்கரின் கதி யாது? 1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவர்களை வழிநடத்த யாழ்ப்பாணத்திலே தங்கியிருந்த குருவானவர் இலர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகக் கிடப்பவனுக்கு அவஸ்தைப் பூசுதலுமில்லை. செபத்தை மூப்பர் சொல்லிக் கொடுத்தார். தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். செபமாலை மடியிலே மறைந்திருந்தது. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தம் கோயிலின் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அந்தக் காடுதான் இன்று இலட்சோபலட்சம் பேர் யாத்திரை செல்லும் மடு. குருவின் கையிலிருந்த விசுவாசம் குடியானவன் கைக்கு மாறிய காலம் இது. கஷ்டம் வளர்த்தது எது என்று கேட்டால், பொறுமை என்று எல்லோரும் சொல்வர். பொறுப்பு என்று நாம் சொல்லுவோம். தன்னை விட்டால் இதைக் காக்க ஆளில்லை என்று உணர்ந்த மனிதன்தான் உள்ளத்தால் உயர்கின்றான்.

1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தரின் ஆட்சி மறைந்தது. தோம்பிலே ஆயிரமாயிரமாய்ப் பதிந்திருந்த கிறிஸ்தவர் எங்கே போயினர்? சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டனர். தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கரோ நிலைத்து நின்றனர். 1806 ஆம் ஆண்டில் அவர்கள்மீதிருந்த சட்டத்தடைகள் நீக்கப்பட்டபோது வெளிச்சத்துக்கு வந்தனர். சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊராகவே நிற்கின்றது. (புரட்டஸ்தாந்து அன்பர்கள் வருந்த வேண்டா. 1816 ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிஷன் கல்வியாலும் வைத்தியத்தாலும் இங்கு வேரூன்றிய கதை வேறு.)

எப்போதும் நீர் நிற்கும் வயலிலே பயிர் வேரை ஆழமாக விடுவதில்லை என்பதைக் கமக்காரர் அறிவர். ஆயினும் வேர் ஆழட்டும் என்று வறட்சியை வேண்டி நேர்த்திவைத்த கமக்காரன் எவனையேனும் நாம் கண்டதுண்டா? பயிர் பிழைத்தபின் பேசும் பேச்சு அது. கருகிப்போன வயல்களும் உண்டு. அந்த முப்பதாண்டுகளில் அச்சத்தால் விசுவாசத்தை இழந்தோரின் எண்ணிக்கையை எந்தத் தோம்பும் எழுதிவைக்கவில்லை.

1687 ஆம் ஆண்டில் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய கோவைக் குருவானவர் யோசேப் வாஸ் அடிகளாரை நம்மவர் அறிவர். வந்தவுடன் வயிற்றுளைவு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. 1692 ஆம் ஆண்டில் கண்டிக்குச் சென்றார். பறங்கியரின் ஒற்றர் என்று கோள் சொல்லப்பட்டுச் சிறைப்பட்டார். காவலிலிருந்தபடியே சிங்களம் கற்றார். 1697 ஆம் ஆண்டிலே கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளரைச் சொந்த உறவினரே காட்டிலே விட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான மற்றொரு குருவானவரும் அவர்களுக்குக் குடிசை கட்டினர், புண் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். கிறிஸ்தவரா அல்லரா என்று பார்க்கவில்லை. 1711 ஆம் ஆண்டில் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015 ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் புனிதராக அறிவித்தார். அவர் பட்ட துன்பம் அவர் தாமே தேடிச் சென்றது. பிறருடைய துன்பத்தைக் கண்டு அங்கே போனார். போன இடத்தில் தாமும் பட்டார். பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்திலே உபத்திரவத்திலிருந்து நம்பிக்கை வரை படிப்படியாக ஏறிச் செல்கின்றார். அவரும் சவுக்கடியும் சிறையும் கண்டபின் எழுதியவரே.

இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரில் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பில் பலியானோருள் பிள்ளைகள் பலர். இவற்றையெல்லாம் ஆன்மாவைப் புடமிடும் நெருப்பு என்று பிரசங்கிப்பதானது, நெருப்பு வைத்தவனைத் தட்டானாக்கி விடுகின்றது. நீதி கேட்பவரைப் பொறுமையற்றவராகவும் ஆக்கிவிடுகின்றது. இழந்தவர்கள் தாமாகவே ஒரு நாள், இத்துயரத்திலும் தேவன் எம்மோடு இருந்தார் என்று சொல்லக்கூடும். சொன்னவர்களும் உளர். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. சொல்லாதிருக்கும் உரிமையும் அவர்களுடையதே.

வரும் தவக்காலத்துக்கு முன் ஒவ்வொரு பங்கும் சபையும் ஒரு கணக்கு எடுக்கட்டும். துன்பத்தின் மேன்மையைப் பற்றிச் சென்ற ஆண்டு எத்தனை பிரசங்கங்கள் நிகழ்ந்தன? காணாமற்போன மகனின் படத்தை வைத்துக்கொண்டிருக்கும் தாயின் திண்ணையில், பேச்சொன்றுமின்றி எத்தனை பேர் போய் அமர்ந்தனர்?