எந்த மரத்தை அகற்றலாம்?

புரட்டாசி பிறந்ததும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது ஒரு மரத்தின் படம் வந்துவிடும். சென்ற ஆண்டு வந்தது, இரண்டாம் பிளாக் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி. ‘இந்த மழைக்குத் தாங்காது, வெட்டிவிடலாம்’ என்றார் ஒருவர். ‘அந்த நிழலில்தான் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கிறார்கள், கைவைக்க விடமாட்டோம்’ என்றார் இன்னொருவர். சங்கக் கூட்டம் நடந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். வெட்ட வேண்டாம் என்று தூக்கியவர்களில் நானும் ஒருவன். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட மரத்தடிக்குப் போய்க் குனிந்து பார்த்திருக்கவில்லை. முடிவு சரியா என்பது இருக்கட்டும்; முடிவெடுத்த விதம் தவறு. மாடிப்படியின் தூண் தாங்குமா என்று நாம் கைதூக்கித் தீர்மானிப்பதில்லை. மரத்துக்கு மட்டும் அப்படிச் செய்கிறோம்.

சென்னைவாசிகளுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் கரையைக் கடந்தபோது, ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை பல தெருக்களில் ஆகாயம் வெறித்துக் கிடந்தது. குல்மோகரும் இயல்வாகையும் அதிகம் விழுந்தன, அவை வெளிநாட்டு மரங்கள், அதனால்தான் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேம்பும் புங்கையும் அன்று விழுந்தன. மரத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு அது விழுமா என்று சொல்லிவிட முடியாது. அது எந்த மண்ணில், எவ்வளவு இடத்தில், யார் கையில் வளர்ந்தது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மர ஆய்வாளர்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். மரமோ கிளையோ முறியும் வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் அடியில் ஆளோ வீடோ இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? பட்டால் சேதம் எவ்வளவு? காலி மனையின் நடுவில் உளுத்து நிற்கும் வேம்பு ஆபத்தான மரம் அல்ல. ஆந்தைக்கும் கிளிக்கும் அது வீடு. அதே வேம்பு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் அவசரம். இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இரண்டாவது கேள்வியை. மரத்தை நகர்த்த முடியாது, அதன் கீழே போட்ட சிமெண்டு பெஞ்சை நகர்த்தலாம். கார் நிறுத்தத்தை மாற்றலாம். புயல் எச்சரிக்கை நாளில் அந்த வாசலை மூடி, பக்கத்து வாசலைத் திறந்து வைக்கலாம். செலவே இல்லாத இந்த வழிகளை எந்தக் குடியிருப்புச் சங்கமும் முதலில் யோசிப்பதில்லை.

மரத்தைப் பார்ப்பது என்றால் கிளையை அண்ணாந்து பார்ப்பது என்றே நினைக்கிறோம். பார்க்க வேண்டியது கீழே. நகரத்து மரங்களில் பெரும்பகுதி வேர், மண்ணின் மேல் அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவுகிறது. கிளை பரவிய வட்டத்தைத் தாண்டியும் ஓடுகிறது. ஆணிவேர் ஆழத்தில் இறங்கி மரத்தை முளைக்குச்சிபோலப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பது நம் மனதில் ஆழப் பதிந்த நம்பிக்கை. வளர்ந்த மரம் நிற்பது பெரும்பாலும் சுற்றிலும் படர்ந்த பக்கவேர்களின் பிடிப்பில். இப்போது நம் தெருவை நினைத்துப் பாருங்கள். முதலில் குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை தோண்டினார்கள். பிறகு கேபிளுக்கு. பிறகு மழைநீர் வடிகாலுக்கு. ஒவ்வொரு முறையும் மண்வாரி இயந்திரம் அடிமரத்துக்கு ஓரடி தள்ளிப் பள்ளம் எடுத்து, மணிக்கட்டுப் பருமனுள்ள வேர்களை அறுத்துக்கொண்டு போனது. பள்ளத்தை மூடி, மேலே பேவர் பிளாக் பதித்து, அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். இலை பச்சையாகவே இருக்கிறது. ஒரு பக்கத்து வேர் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. அறுந்த இடத்தில் பூஞ்சை ஏறி, மீதி வேர் மக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒப்பந்ததாரரும் மாறிவிடுவார், சங்கச் செயலாளரும் மாறிவிடுவார். விழும்போது மட்டும் குற்றம் மரத்தின்மேல்.

2022 ஜூன் 24 அன்று சென்னை கே.கே. நகரில் சாலையோர மரம் ஒன்று ஓடும் காரின்மேல் சாய்ந்து, உள்ளே இருந்த பெண் உயிரிழந்தார். அருகில் நடந்த வடிகால் பணிதான் காரணம் என்று அப்பகுதி மக்கள் சொன்னார்கள்; மாநகராட்சி மறுத்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பள்ளம் எடுப்பதற்கு முன் அந்தத் தெருவின் ஒவ்வொரு மரத்துக்கும் வேரின் நிலை எழுதி வைக்கப்பட்டிருந்தால், அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் குடியிருப்புகளின் நடைபாதைகளில் எத்தனை மரங்களுக்கு அந்த ஒரு மீட்டர் மண் இருக்கிறது?

பார்வையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை செம்பூரில் 2017 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையில் நடந்து போன ஒரு பெண்ணின்மேல் தென்னைமரம் முறிந்து விழுந்தது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அந்த மரத்தை அகற்ற வேண்டும் என்று அங்கு குடியிருந்த ஒருவர் சில மாதங்களுக்கு முன்பே மாநகராட்சியில் பணம் கட்டி விண்ணப்பித்திருந்தார். மரம் நன்றாக இருக்கிறது என்று அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. மரத்தை நேசிக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. வெட்டாதே என்று சொல்வதற்கும் பொறுப்பு உண்டு.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? நம் தச்சர்களுக்குத் தெரிந்த முறையிலேயே தொடங்கலாம். கொட்டாப்புளியால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினால், கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், பொக்கான இடத்தில் வேறு சத்தம். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் ஒட்டியிருந்தால் உள்ளே உளுப்பு நெடுநாளாக நடக்கிறது என்று பொருள். கவட்டையில் இரண்டு கிளைகளும் ஒட்டாமல் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தால், பெருங்காற்றில் அங்கேதான் பிளக்கும். சாய்ந்த மரம் எல்லாம் ஆபத்தானது அல்ல. இளமையிலிருந்தே வெயிலைத் தேடிச் சாய்ந்து, நுனி மறுபடி நிமிர்ந்த மரம் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி வேரையும் கட்டையையும் வளர்த்துக்கொண்டிருக்கும். நேற்றுவரை நேராக நின்றது இன்று சாய்ந்து, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தால், அதற்குக் கூட்டம் போடக் கூடாது. அன்றே அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்து ஆளை அழைக்க வேண்டும்.

பொந்து விழுந்த மரம் செத்த மரம் அல்ல. மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு உட்புறமுள்ள வெளி வளையங்களில். நடுக்கட்டையில் உயிர் இல்லை. குழாய் உள்ளே காலியாக இருந்தும் வலுவாக நிற்பதுபோல மரமும் நிற்கும். எவ்வளவு காலியாகலாம் என்பதற்கு ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் ஒரு கணக்குச் சொன்னார்: மிச்சமுள்ள நல்ல சுவரின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஆரம் 30 செ.மீ. என்றால் சுவர் 10 செ.மீ. இதை எல்லா மரத்துக்கும் அப்படியே பொருத்தக் கூடாது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் ‘பொந்து இருக்கிறது, வெட்டு’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். மெல்லிய ஊசியைத் துளைத்து உள்தடையை அளக்கும் கருவியும், ஒலியை அனுப்பி உட்புறத்தைப் படமாக்கும் கருவியும் வந்துவிட்டன. தட்டிப் பார்த்துச் சந்தேகம் வந்த மரத்துக்கு மட்டும் அவை போதும்.

கிளை விஷயத்தில் நாம் செய்வது இன்னும் மோசம். மின்கம்பி இருக்கும் பக்கத்தை மட்டும் ஆண்டுதோறும் வெட்டி, மறுபக்கத்தை வளர விடுகிறோம். பாரம் முழுவதும் ஒருபக்கம் சேர்கிறது. ‘மொட்டையடித்துவிட்டால் காற்றுக்குப் பயமில்லை’ என்று உச்சியை வெட்டுகிறார்கள். வெட்டிய மேட்டிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் தோலோடு ஒட்டியவை, கட்டைக்குள் வேர்விட்டவை அல்ல. நான்காவது மழையில் முறிவது அவைதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், அடர்த்தியை அளவாகக் குறைப்பது நல்லது. உச்சியை இழந்த மரத்துக்கு அந்தப் பலன் ஒரு பருவம்கூட நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சில மரங்கள் போகத்தான் வேண்டும். தாங்குவேர் மக்கி, அடியில் எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள மரத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்வது அன்பு ஆகாது. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம் என்பார்கள். வேரே கெட்ட மரத்துக்கு அது வழியல்ல. இலைக்குப்பைக்காகவும், வெயில் வராத பால்கனிக்காகவும், காரின்மேல் விழும் எச்சத்துக்காகவும் ‘ஆபத்து’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர்களும் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். எழுதப்பட்ட ஆய்வறிக்கை ஒன்று இருந்தால் இந்த இரண்டு தரப்பும் அதன்முன் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இங்கே அரைகுறையாக நிற்கிறது. மகாராஷ்டிரத்தில் 1975-லும் கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சமவெளி நகரங்கள் அரசாணைகளையும் பசுமைக் குழுக்களையும் நம்பியிருக்கின்றன. பக்கத்து மனைக்காரர் விழப்போகும் மரத்தைப் பார்த்தும் அசையவில்லை என்றால் வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, விழுந்து தீங்கு செய்யக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்குக் கொடுக்கிறது. முட்டுக்கொடுப்பதையும் ஒரு வழியாகச் சட்டமே சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அகற்றுவதும் ஒரு தொழில். தினக்கூலிக்குக் கிடைத்த ஆளை இடுப்பில் கயிறு இல்லாமல் ஏற்றிவிட்டு, கீழே நின்று வேடிக்கை பார்ப்பது குடியிருப்புகளில் சாதாரணம். மரம் ஏறுகிறவரின் உயிரும் அந்த மூன்று கேள்விகளுக்குள் வரும் உயிர்தான். மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தி, கூடு இருக்கிறதா என்று பார்த்து, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். ஆளில்லாத மூலையில் நிற்கும் மரமானால், பாரக் கிளைகளை எடுத்துவிட்டு அடிமரத்தை ஆளுயரத்துக்கு மிச்சம் வைக்கலாம். மைனாவுக்குப் பொந்து கிடைக்கும்.

மரத்தால் சாகும் வாய்ப்பு உண்மையில் மிகச் சிறியது. பிரிட்டனில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒருவர் என்று கணித்திருக்கிறார்கள். நம் நாட்டுக்கு அப்படி ஒரு கணக்கு எடுத்தாக வேண்டும். அதைவிட முக்கியமாக, மரத்தை ஆய்ந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகமும் வனக்கல்லூரியும் இருக்கும் மாநிலம் இது. நகர மர ஆய்வுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்குவதும், ஒவ்வொரு மாநகராட்சி மண்டலத்துக்கும் அப்படி இருவரை நியமிப்பதும், தெரு தோண்டும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அவர்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும் அரசால் முடியாத காரியங்கள் அல்ல.

குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் வளாகத்தின் எல்லா மரங்களுக்கும் எண் போட்டு, அடியைப் பார்த்து, படம் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அடிமரத்தை நெரிக்கும் சிமெண்டை அன்றே உடைத்து எடுங்கள். எங்கள் குடியிருப்பில் இந்த ஆண்டு அதைச் செய்தோம். முப்பத்தொரு மரங்கள். அகற்ற வேண்டியது ஒன்று. அது யாரும் படம் போடாத, பின்வாசல் இயல்வாகை.